மடக்கை கண்ட நேப்பியர்

கணித வகுப்பிலே மடக்கை அட்டவணையை விரித்து வைத்து விடை கண்ட பழைய மாணவர் பலர், அவ்வெண் வரிசைகளின் பின்னே ஒருவரின் இருபதாண்டு உழைப்பு உறைவதை எண்ணியிரார். அவரே ஸ்கொத்லாந்து ஈன்ற ஜோன் நேப்பியர் என்பார்.

எடின்பரோ நகரை அடுத்த மேர்ச்சிஸ்ரன் கோட்டையிலே 1550ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பதின்மூன்றாம் வயதிற் சென் அன்றூஸ் பல்கலைக்கழகம் புகுந்தார்; அவ்வாண்டிலேயே அன்னையை இழந்தார். பின்னாளிற் பேராசிரியப் பதவி எதனையும் ஏற்காது, தம் நிலபுலங்களைப் பேணியவாறே கணிதத்தில் ஆழ்ந்தார்.

அக்காலத்து வானநூலாரும் மாலுமிகளும் நீண்ட எண்களைப் பெருக்கியும் வகுத்தும் நாட்களைக் கழித்தனர். ஓரிலக்கம் பிழைத்தால் உழைப்பு முழுவதும் வீணாகும். இத்துன்பத்தை நீக்க வழி தேடிய நேப்பியர், பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றும் முறையைக் கண்டு, 1614இல் இலத்தீன் மொழியில் வெளியிட்டார்.

இன்று நாம் பயிலும் வடிவில், 2இன் மடக்கை 0.3010, 3இன் மடக்கை 0.4771. இவற்றைக் கூட்ட வரும் 0.7781 என்பது 6இன் மடக்கையாகும். ஆண்டுக்கு 5 வீதக் கூட்டுவட்டிக்கு இட்ட பணம் எப்போது இரட்டிக்கும் என்று வினவினால், தேடும் எண் சுட்டியிலே நிற்கின்றது. 0.3010ஐ 1.05இன் மடக்கையாகிய 0.0212ஆல் வகுக்க, ஏறத்தாழ 14.2 ஆண்டு என விடை கிடைக்கும்.

எனினும், நேப்பியரின் முதல் அட்டவணை இவ்வளவு எளிமையானதன்று. அதில் 1இன் மடக்கை பூச்சியமாக அமையாமையாற் பெருக்கலின்போது மேலும் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. இலண்டன் கிரெசம் கல்லூரிக் கேத்திரகணிதப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ், நூலைக் கற்று வியந்து, 1615ஆம் ஆண்டு வேனிலில் நெடும் பயணஞ்செய்து நேப்பியரைக் கண்டார். பத்தை அடியாகக் கொண்டால் நலமென்றார். தாமும் அவ்வாறே கருதியிருந்த நேப்பியர், 1இன் மடக்கையைப் பூச்சியமாகக் கொள்ளலாமென மேலும் செப்பஞ் செய்தார்.

ஆனால், அட்டவணையைப் புதிதாகக் கணிக்க அவர் உடல் இடந்தரவில்லை. இருபதாண்டு பாடுபட்டு அமைத்ததை மற்றொருவர் மாற்றியமைக்க மனமுவந்து இசைந்தார். 1617ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி அவர் மறைந்தார். பிரிக்ஸ் அப்பணியைத் தொடர்ந்து, முப்பதினாயிரம் எண்களின் மடக்கைகளைப் பதினான்கு தசம தானங்களுக்குக் கணித்து 1624இல் வெளியிட்டார்.

கணிகருவிகள் மலிந்த இந்நாளிலும் நிலநடுக்கத்தின் வலிமையையும் அமிலத்தின் செறிவையும் மடக்கையாலேயே அளக்கின்றோம். மாணவர் நேப்பியரிடம் கற்கவேண்டியது கணிதம் மட்டுமன்று. தம் நூலினும் உண்மையே பெரிதென்று கொண்ட அவர்தம் உள்ளமும் நமக்குப் பாடமாகும்.