இசைக்கு வரைபடம் போட்ட டிப்ளமாக்காரர்



நம்ம டிராயிங் ஹாலில் நாம் போடுகிற கோடுகள் எல்லாம் சாதுவான கோடுகள். பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று எதைப் போட்டாலும் போட்ட இடத்திலேயே கிடக்கும். அந்தக் கோடு எழுந்து நடந்தால் எப்படி இருக்கும்? வயலின் இழுக்கும்போது அதுவும் நீண்டு, முரசு அதிரும்போது அதுவும் துள்ளிக் குதித்தால்?

தொண்ணூறு வருஷத்துக்கும் முன்னாலேயே இதைச் செய்து காட்டிவிட்டார் ஒருவர். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் பாட்டைப் போட்டால் திரையில் வட்டமும் அலையும் தாளத்துக்கு ஏற்ப ஆடுகின்றன. அதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அவருக்கு மென்பொருள் கிடையாது. கரித்துண்டு, தாள், கேமரா, அப்புறம் பொறுமை. அவ்வளவுதான் கையில் இருந்தது. அவர் பெயர் ஆஸ்கர் ஃபிஷிங்கர். ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்பள்ளியில் படித்துப் பொறியியல் டிப்ளமா வாங்கியவர். அதாவது நம்ம ஆளு!

ஆர்கன் பட்டறையும் டிராயிங் பலகையும்

1900-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கெல்ன்ஹவுசன் என்ற சிற்றூரில் ஃபிஷிங்கர் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தேவாலயங்களில் வாசிக்கும் பெரிய பைப் ஆர்கன் செய்கிற பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். இன்ன நீளக் குழாய்க்கு இன்ன சுரம் என்று இசையும் அளவும் ஒன்றாகக் கலந்த தொழில் அது. அந்த நேரம் முதல் உலகப்போர். முதலாளிகளையே பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வேலை போயிற்று. அடுத்து ஒரு கட்டடக் கலைஞரிடம் டிராஃப்ட்ஸ்மேன். இவருக்கும் பட்டாளத்து அழைப்பு வந்தது. உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடும்பம் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபோக, அங்கே தொழிற்பள்ளியில் சேர்ந்து, வேலையும் பழகிக்கொண்டே டிப்ளமா முடித்தார்.

அந்த ஊரில் ஓர் இலக்கிய வட்டம். அதில் ஷேக்ஸ்பியரின் நாடகம் பற்றிப் பேச வேண்டிய முறை இவருக்கு வந்தது. நாடகத்தில் உணர்ச்சி எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே இரண்டு பாத்திரங்கள் மோதுகின்றன என்பதையெல்லாம் நீளமான தாள் சுருளில் கோடும் வளைவுமாக வரைந்து கொண்டுபோய்விட்டார். நாம் கிராஃப் போடுகிற மாதிரி! கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெர்ன்ஹார்ட் டீபோல்ட் என்ற நாடக விமர்சகருக்கு மட்டும் பொறி தட்டியது. இந்தக் கோடுகள் அசைந்தால் எல்லோருக்கும் புரியும் என்று அவர் சினிமாப் பக்கம் கையைக் காட்டினார். 1921-ல் வால்டர் ருட்மன் என்பவர் வெறும் வடிவங்களை மட்டுமே அசைத்து எடுத்த படத்தைப் பார்க்கும் வாய்ப்பும் டீபோல்ட் மூலமாகவே கிடைத்தது. அதோடு ஃபிஷிங்கரின் பாதை முடிவாகிவிட்டது.

மெழுகு வெட்டும் மெஷின்

படம் எடுக்க ஆசைப்பட்டவர் முதலில் செய்தது ஒரு மெஷின்! பல வண்ண மெழுகையும் களிமண்ணையும் சேர்த்து ஒரு கட்டியாக உருட்டிக்கொள்வது. அதை மெஷினில் வைத்தால் கத்தி ஒரு மெல்லிய சீவல் சீவும். கேமராவின் ஷட்டர் கத்தியோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு படம் தானாகவே விழும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் உள்ளே புதைந்திருந்த வண்ணங்கள் திரையில் வளர்ந்து, சுழன்று, மறையும்.

நண்பர்களே, இது என்ன? நாம் முதலாண்டில் போட்ட செக்‌ஷன் வியூதானே! கட்டியை ஒரு இடத்தில் வெட்டினால் ஒரு செக்‌ஷன். ஆயிரம் இடத்தில் வெட்டினால் ஒரு சினிமா.

இந்த மெஷினை வைத்துக்கொண்டு 1922-ல் மியூனிக் நகரத்துக்குப் போனார். ருட்மனும் ஒரு மெஷினுக்கு உரிமம் வாங்கிக்கொண்டார். ஆனால் தொழில் கைகொடுக்கவில்லை. கடன் கழுத்தைப் பிடித்தது. 1927-ல், முக்கியமான கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு நடந்தே போனார்! மூன்று வாரத்துக்கு மேல் ஆன அந்த நடையிலும் கேமரா சும்மா இருக்கவில்லை. வழியில் பார்த்த ஜனங்கள், வயல், மேகம் என்று ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிக்கொண்டே போனார். கடனுக்குப் பயந்து நடந்த நடை இன்றைக்கு ஒரு குறும்படமாக நிற்கிறது.

கால் உடைந்தது, கோடு எழுந்தது

பெர்லினில் ஃபிரிட்ஸ் லாங் என்ற பெரிய இயக்குநர், நிலவுக்கு ராக்கெட் விடும் கதையை மௌனப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். 1929-ல் வெளிவந்த அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளில் வேலை பார்த்தபோது ஃபிஷிங்கருக்குக் கணுக்கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கரித்துண்டால் தாளில் வரைய ஆரம்பித்தார். அதிலிருந்து பிறந்தவைதான் ‘ஸ்டடி’ என்று எண் போட்டு அவர் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். ஏழாம் எண் படம் பிராம்ஸ் என்ற இசை மேதையின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்துக்கு வரைந்தது. கூரான கோடுகள் கத்தி மாதிரி பாய்ந்து, வளைந்து, இசை நிற்கும் இடத்தில் சட்டென்று நிற்கும்.

இதில் உள்ள உழைப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேசும் படத்துக்கு ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கு 1440. மூன்று நிமிட இசை என்றால் 4320 ஃபிரேம். அதோடு விட்டதா? கிராமஃபோன் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். அப்படியென்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 18 அரை ஃபிரேம். ஒரு தாளம் இரண்டு ஃபிரேம் தள்ளி விழுந்தாலும் கண்ணுக்கும் காதுக்கும் சண்டை வந்துவிடும். அதனால் வரைவதற்கு முன்னாலேயே இசையை நீளமாக, எண்ணிக்கையாக அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். டாலரன்ஸ் தெரிந்தவனால்தான் இது முடியும்.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்க குடும்பத்துல படிக்க வந்த முதல் ஆள் நான். ராத்திரி உட்கார்ந்து ஷீட் போடும்போது, இத்தனை கோடு போட்டு என்னடா ஆகப்போகுது என்று அம்மா கேட்கும். பதில் தெரியாமல் சிரித்துவிடுவேன். பொறியியல் வேறு, கலை வேறு, டிப்ளமாக்காரனுக்குக் கலை எதற்கு என்று நினைப்பவர்கள் நம்மிலேயே பலர் உண்டு. ஃபிஷிங்கர் பொறியியலை விட்டுவிட்டுக் கலைக்குப் போனவரா? கிடையாது. ஆர்கன் பட்டறையும், டிராயிங் பலகையும், மெஷினும்தான் அவருடைய கலையாக மாறின. இதைத்தான் நான் அடித்துச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு இன்னொரு சாட்சி, 1932-ல் அவர் செய்த சோதனை. சினிமாப் பிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு பட்டை உண்டு. அதில் உள்ள கோலத்தின் ஊடே விளக்கொளி பாய்ந்து போட்டோசெல்லில் விழும்போது, ஒளியின் ஏற்ற இறக்கம் மின்னோட்டமாகி ஸ்பீக்கரில் ஒலியாகும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இது பழைய பாடம். ஃபிஷிங்கர் என்ன செய்தார்? பாடகரும் இல்லாமல் வாத்தியமும் இல்லாமல், தாளில் அலங்கார வடிவங்களை வரைந்து, அதை அந்த ஒலிப் பட்டையில் படமாகப் பிடித்து ஓட்டினார். நெருக்கமாக வரைந்தால் உச்ச சுரம், இடைவெளி விட்டு வரைந்தால் கீழ் சுரம்! இசைக்குக் கோடு போட்டவர், கோட்டிலிருந்தே இசையையும் எடுத்தார்.

கடல் தாண்டி ஹாலிவுட்

1934-ல் சிகரெட்டுகள் அணிவகுத்து நடக்கும் ஒரு வண்ண விளம்பரப் படம் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. 1935-ல் ‘நீலத்தில் ஒரு படைப்பு’ என்ற வண்ணப் படத்தை எடுத்தார். ஆனால் அப்போது ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. உருவம் இல்லாத நவீனக் கலையைச் சீரழிந்த கலை என்று அந்த ஆட்சி ஒடுக்கியது. அமெரிக்காவின் பாரமவுண்ட் நிறுவனம் கூப்பிட, 1936 பிப்ரவரியில் ஃபிஷிங்கர் ஹாலிவுட்டுக்குக் கிளம்பினார்.

போன இடத்தில் முதல் அடி. வண்ணத்துக்கென்றே வரைந்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் போடுவோம் என்றது நிறுவனம். வெளியே வந்துவிட்டார். பல வருஷம் கழித்து அந்தப் படத்தைத் திரும்ப வாங்கித் தன் மனசுப்படி வண்ணத்தில் முடித்தார். 1938-ல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடிக்கு ஒரு படம். நூற்றுக்கணக்கான காகித வட்டங்களைக் கம்பியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார். படம் ஓடியது. லாபம் அவர் கைக்கு வரவில்லை. அதில் அவருக்கு எடுபிடியாக இருந்த ஓர் இளைஞர், எந்தப் பொருளைத் தட்டினாலும் அதற்குள் இருக்கும் ஒலி வெளிவரும் என்ற பாடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர் ஜான் கேஜ்தான் அந்த இளைஞர்!

அடுத்தது டிஸ்னி. பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ரா இசைக்குக் கார்ட்டூன் சேர்த்து 1940-ல் வெளிவந்த ‘ஃபேண்டேசியா’ படத்தின் முதல் பகுதி, பாக் என்ற மேதையின் டொக்காட்டாவும் ஃபியூகும். உருவமே இல்லாமல் வெறும் வடிவங்களால் ஆன பகுதி. இதற்கு ஃபிஷிங்கரை விடப் பொருத்தமானவர் யார்? ஆனால் ஜனங்களுக்குப் புரியாது என்று அவர் வரைந்தவற்றை அடுத்தடுத்த கைகள் மாற்றின. வயலின் வில் மாதிரி, மேகம் மாதிரி, தெரிந்த பொருளாக ஆக்கின. சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. 1939-ல் விலகினார். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நாம் போடுகிற ஒவ்வொரு ஷீட்டிலும் கீழே வலது மூலையில் டைட்டில் பிளாக் போடுகிறோம். வரைந்தவர் யார் என்று அதில் எழுதாமல் ஷீட் முழுமையாகாது. உலகமே பார்த்த ஷீட்டில் ஃபிஷிங்கருக்கு அந்தக் கட்டம் கிடைக்கவில்லை.

கடைசிப் பெரும் படம்

1947-ல் அவர் முடித்த படம்தான் ‘மோஷன் பெயின்டிங் எண் 1’. கண்ணாடி போன்ற பிளெக்சிகிளாஸ் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் ஒரு தீற்று. உடனே ஒரு ஃபிரேம். அடுத்த தீற்று, அடுத்த ஃபிரேம். பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் இசையோடு சுமார் 11 நிமிடம் ஓடும் படம். கணக்குப் போட்டால் 15,000 ஃபிரேமுக்கு மேல் வருகிறது. எடுத்த பிலிமைக் கழுவிப் பார்க்காமலே பல மாதம் தினமும் வரைந்தார். நடுவில் ஒரு நாள் தப்பு நேர்ந்திருந்தால் மொத்தமும் வீண்! கடைசியில் கழுவிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

பண உதவி செய்த குகன்ஹைம் அறக்கட்டளையின் பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. 1949-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சோதனைப் படப் போட்டியில் அதுவே முதல் பரிசு வாங்கியது. ஆனாலும் அதற்குப் பிறகு இப்படி ஒரு பெரிய படம் எடுக்க அவருக்குப் பணம் அமையவில்லை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு. அவர் உட்கார்ந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான ஓவியங்கள் தீட்டினார். ரப்பர்த் திரையைக் கையால் அழுத்தினால் இருட்டில் வண்ண ஒளி எழும் ‘லூமிகிராஃப்’ என்ற கருவியைச் செய்து 1955-ல் காப்புரிமையும் வாங்கினார். 1967 ஜனவரி 31-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

அவருக்குப் பின் அவர் மனைவி எல்ஃப்ரீட அம்மையார் படங்களையும் ஓவியங்களையும் கட்டிக் காத்தார். இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. 1997-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘மோஷன் பெயின்டிங் எண் 1’ சேர்க்கப்பட்டது. 2017-ல் அவருடைய பிறந்தநாள் அன்று கூகுள் தன் முகப்பில், நாமே தொட்டு இசையும் வடிவமும் படைக்கும் விளையாட்டு ஒன்றை வைத்து அவரை நினைவுகூர்ந்தது.

நண்பர்களே! அவர் தோற்றாரா, ஜெயித்தாரா? காசுக் கணக்குப் பார்த்தால் ஜெயிக்கவில்லை. ஆனால் அவர் வரைந்த கோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் நாளைக்கு ஏதோ ஒரு பட்டறையில், ஏதோ ஒரு டிராயிங் பலகையில், பெயர் தெரியாமல் வேலை பார்க்கத்தான் போகிறோம். டைட்டில் பிளாக்கில் பெயர் வருவது சில நேரம் நம்ம கையில் இல்லை. போடுகிற கோடு சுத்தமாக இருப்பது நம்ம கையில் இருக்கிறது. பென்சிலைச் சீவுங்கள் தோழர்களே, அடுத்த ஷீட் காத்திருக்கிறது!

— இயந்திரவியல் பட்டயம், இரண்டாம் ஆண்டு மாணவன்