குழந்தைகளுக்குத் தாளம் அருளிய ஸ்ரீ புரந்தரதாஸர்

ஸங்கீத உலகம் பிதாமகர் என்று போற்றும் ஸ்ரீ புரந்தரதாஸர் 1484-ஆம் ஆண்டு அவதரித்தார் என்பது மரபு. பூர்வாசிரமப் பெயர் ஸ்ரீநிவாஸ நாயக்கர். ரத்தின வியாபாரமும் வட்டித் தொழிலும் செய்து, நவகோடி நாராயணன் என்று பேர் பெற்றவர். ஈகை மட்டும் அறியாதவர். மகனின் உபநயனத்திற்குப் பொருள் வேண்டி வந்த ஏழை அந்தணருக்கு அவர்தம் தர்மபத்தினி ஸரஸ்வதி அம்மையார் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்ததும், அது கடைக்கே விற்பனைக்கு வந்ததும், பெட்டியில் பூட்டி வைத்தது மாயமாய் அம்மையாரிடமே திரும்பியதும் பக்தர்கள் நன்கறிந்த வரலாறு. செல்வமனைத்தையும் துறந்து, 1525-இல் ஸ்ரீ வியாஸராயரிடம் தீக்ஷை பெற்று, தம்பூராவும் சிப்ளாக்கட்டையும் சலங்கையுமாகத் தெருவில் இறங்கினார்.

அவர் பாடியவை நான்கே முக்கால் லக்ஷம் என்பர். அத்தகைய மஹான் பாலர்களுக்காகப் பாலபாடம் வகுக்க அமர்ந்தாரே, அதுவன்றோ பெருங்கருணை!

மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிறகு மலஹரியில் பிள்ளாரி கீதங்கள் என்ற படிமுறையை அவர் வகுத்ததாக ஸம்பிரதாயம். இதில் குரலோடு கையும் சேர்ந்தே பயில்கிறது. ஒரு தட்டு, பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்: இது நான்கு எண்ணிக்கையுள்ள லகு. ஒரு தட்டும் ஒரு வீச்சும் த்ருதம். லகு ஒன்றும் த்ருதம் இரண்டும் கூடினால் எட்டு அக்ஷரம் கொண்ட ஆதி தாளம். ஸரளி வரிசையை மூன்று காலங்களில் பாடும்போது ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டு, நான்கு என்று ஸ்வரம் பெருகும். கை மட்டும் அதே நிதானத்தில் நிற்க வேண்டும். குழந்தையின் கை குரலுடன் ஓடத் துடிக்கும். அதை ஓடவிடாமல் நிறுத்துவதே முதல் சிக்ஷை. அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் பாத்திரம் தட்டும் ஓசையைக் கேட்டவர்க்கு இது எளிதில் விளங்கும்; அடி சீர் தவறினால் பாத்திரம் கோணிவிடும்.

அலங்காரத்தில் த்ருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, த்ரிபுடை, அட, ஏகம் என்னும் ஏழு தாளங்களும் வந்துவிடுகின்றன. லகு த்ரிபுடையில் மூன்றாகவும், அட தாளத்தில் ஐந்தாகவும், ஜம்பையில் ஏழாகவும் மாறும். ஏழு வரும்போது விரல்கள் ஐந்தும் தீர்ந்து, மறுபடி சுண்டுவிரலுக்கே திரும்ப வேண்டும். அங்கேதான் பாலகர் தடுமாறுவர். இந்நாளில் ஸரளி முடிந்ததும் மேடைக்குக் கீர்த்தனை கேட்கும் பெற்றோர் பலர். அலங்காரத்தைத் தாண்டிக் குதித்த பிள்ளைக்குப் பின்னாளில் மிருதங்கம் துணையாக இராது, பயமாகவே இருக்கும்.

ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் தமது பிரஹ்லாத பக்தி விஜயத்தில் தாஸரை வணங்கியே தொடங்குகிறார்.

1564-ஆம் ஆண்டு தை அமாவாசையன்று தாஸர் பரமபதம் எய்தினார். ஹம்பியில் விட்டலன் ஆலயத்தருகே, துங்கபத்திரைக் கரையில் அவர் பெயரால் விளங்கும் மண்டபம் வெள்ளக்காலத்தில் நீரில் மூழ்கும். வெள்ளம் வடிந்ததும் தூண்கள் மறுபடி வெளிப்படும். தை அமாவாசைதோறும் அவரது ஆராதனை நடைபெறுகிறது.