துருவும் பேட்டரியும்: வள்ளல் அழகப்பர் தந்த ஆராய்ச்சி நிலையம்

தூத்துக்குடி முத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 1974-ல் ஊர் பெரிய துறைமுகம் ஆயிற்று. மரத்தோணிகள் மிதந்த கடலுக்குப் பெரிய பெரிய இரும்புக் கப்பல்கள் வந்தன. கூடவே ஒரு பகையும் பெருகியது. அதுதான் துரு!

கடல் நீர் இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதற்காகவே, துறைமுகப் பகுதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அதன் தாய் வீடு காரைக்குடி. பெயர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கைப்பேசிக்கும் மோட்டார் காருக்கும் பேட்டரி ஆராய்வதும் இதே நிலையம்தான்.

துருவுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே வித்தை. உப்பு நீர் பட்ட இரும்பில் சிறு மின்சாரம் ஓடுகிறது, இரும்பு கரைகிறது. டார்ச் லைட் பேட்டரியிலும் துத்தநாகம் கரைந்துதான் மின்சாரம் பிறக்கிறது. இந்த வித்தை தெரிந்தவர்கள், கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். துத்தநாகம் கரையும், கப்பல் பிழைக்கும்!

திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றும் பேட்டரியோ இன்னும் கெட்டிக்காரத்தனமானது. இடம் பெயர்ந்த பொருளை மின்சாரம் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் கார்களில், பிரேக் போடும்போதே பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறது.

இந்த நிலையம் செட்டிநாட்டுக்கு வந்தது ஒரு மனிதரால். அவர்தான் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

அவர் 1909 ஏப்ரல் 6-ந் தேதி கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்தார். லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். கேரளத்தில் நூல் ஆலை, மலேயாவில் தொழில், சொந்த விமானக் கம்பெனி என்று செல்வம் குவிந்தது.

குவிந்த வேகத்திலேயே கொடுத்தார். 1947-ல் ஒரு விழா மேடையில் லட்ச ரூபாய் அறிவித்தார். அந்த ஆண்டே காரைக்குடியில் கல்லூரி திறந்தது. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தபோது, தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டார்!

நாடு விடுதலை பெற்ற நேரம் அது. டில்லி, பூனா, ஜாம்ஷெட்பூர் என்று தேசிய ஆராய்ச்சிக்கூடங்கள் எழுந்துகொண்டிருந்தன. பெரிய நகரங்களுக்கே கிடைக்கக்கூடிய பேறு. தண்ணீருக்குத் தவிக்கும் செம்மண் பூமியான காரைக்குடியை யார் நினைப்பார்கள்? அழகப்பர் நினைக்க வைத்தார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தருவதாகச் சொன்னார். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948 ஜூலை 25-ந் தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந் தேதி, துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

அழகப்பருக்குப் பணம் இருந்தது. உடல் நலம் இல்லை. நோய் அவரை வாட்டியது. 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி காலமானார். மறுநாள் பிறந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும் என்பதல்ல. மறுநாள் வரை இருந்திருந்தால் 48 நிறைந்திருக்கும்.

லித்தியம் அயனி பேட்டரி உலகில் விற்பனைக்கு வந்தது 1991-ல்தான். காரைக்குடி விஞ்ஞானிகள் அதையும் நம் நாட்டிலேயே செய்யும் முறையைக் கண்டார்கள். 2018-ல் அந்த முறையைத் தொழில் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது அழகப்பர் மறைந்து 61 ஆண்டுகள் ஆகியிருந்தன.