கிளை வெட்டிய பெர்னார்ட் ஷா

நாடக மேதை பெர்னார்ட் ஷா 1856-ல் டப்ளின் நகரில் பிறந்தார். முதலில் எழுதிய 5 நாவல்களையும் புத்தகக் கம்பெனிகள் திருப்பி அனுப்பின. மனிதர் அசரவில்லை! நாடகத்துக்குத் தாவினார், 1925-ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார்.

1950 செப்டம்பரில், 94 வயதில், வீட்டுத் தோட்டத்தில் கிளை வெட்டும்போது கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

முதுமையில் எலும்பு மெலிந்துவிடும். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடம் லேசாக விழுந்தாலும் முறியும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். படுக்கைப் புண் வரும். அதனால்தான் இன்றைய டாக்டர்கள் ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுந்து நிற்க வைக்கிறார்கள்.

ஷாவுக்கும் ஆபரேஷன் நடந்தது. அக்டோபரில் வீடு திரும்பினார். ஆனால் சிறுநீரகம் கெட்டு, நவம்பர் 2-ந் தேதி காலமானார். அஸ்தியை அதே தோட்டத்தில் தூவினார்கள்.