பேராசிரியர் அர்பாட் எலோ

இருவருள் வல்லவர் யாவர் என்பதை முகமன் இன்றி எண்ணால் உரைத்தல் எளிதன்று. தோற்றவன் நடுவரை நோவதும், வென்றவன் தன்னையே உலக முதல்வனாக எண்ணுவதும் எங்கும் உள்ள வழக்கே. சதுரங்க உலகில் இவ்வழக்கைத் தீர்க்க ஓர் அளவுகோல் செய்து தந்தவர் பௌதிக ஆசிரியர் ஒருவர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அர்பாட் எலோ 1903ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஹங்கேரி நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். 1913இல் பெற்றோருடன் அமெரிக்கா சேர்ந்தார். சிகாகோவிற் பௌதிகம் பயின்று, மில்வாக்கி நகரத்து மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் அதனையே பல்லாண்டு கற்பித்தார். நம் பழனி மலையிற் செண்பகனூரிலே குருமடம் அமைத்த இயேசு சபையாரே அப்பல்கலைக்கழகத்தையும் நிறுவியவர். பாடம் சொல்லிய நேரம் போக எஞ்சியது சதுரங்கத்திற்கு ஆயிற்று. விஸ்கான்சின் மாகாணப் பட்டத்தை எட்டு முறை வென்றார். எனினும் உலகப் பெருவீரருள் ஒருவர் அல்லர். பிறரை நடுநிலையில் அளக்க அதுவே தகுதியாயிற்று போலும்!

அமெரிக்கச் சதுரங்கச் சங்கத்தார் 1950 முதல் ஹார்க்னெஸ் என்பார் வகுத்த முறைப்படி ஆட்டக்காரர்க்குப் புள்ளி இட்டு வந்தனர். அதனினும் திருத்தமான முறையை எலோ புள்ளியியல் வழியே வகுத்தார். 1960இல் அச்சங்கமும், 1970இல் உலகச் சதுரங்கச் சம்மேளனமும் அதனை ஏற்றன.

அம்முறையின் உயிர்நிலை எதிர்பார்ப்பு என்னும் ஒன்றே. இருவர்க்கிடையே 200 புள்ளி வேற்றுமை இருப்பின், நூறு ஆட்டங்களில் வல்லவன் ஏறக்குறைய 76 பங்கு பெறுவான் எனக் கணிக்கப்படும். சமநிலை அரைப் பங்கு. அவன் ஓர் ஆட்டத்தில் வென்றால், முன்னணி வீரர்க்குரிய 10 என்னும் பெருக்கெண்ணின்படி 2.4 புள்ளியே ஏறும், தோற்பின் 7.6 புள்ளி இறங்கும். சமநிலையிற் கூட 2.6 புள்ளி இழப்பான். அவன் இழந்தது இளையவனைச் சேரும். இளையவன் புதியவனாயின் அவன் பெருக்கெண் 40. ஆதலின் அவன் ஏற்றமும் பெரிதாம். டென்னிஸ் வரிசையோ வேறு வகையினது. அங்கே போட்டியில் எத்துணைத் தூரம் முன்னேறினான் என்பதற்கே புள்ளி. 52 வாரம் கழியின் அது உதிர்ந்துவிடும். வென்றது யாரை என்னும் கேள்வி அங்கு இல்லை. எலோவின் முறையில் அதுவே முதற் கேள்வி. எமக்கு இதுவே நீதியாகத் தோன்றுகின்றது.

தம் அளவையின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். நீரில் மிதந்தாடும் தக்கையைக் காற்றில் ஊசலாடும் கோலால் அளப்பதற்கு அதனை ஒப்பிட்டனர். லெவிஞ்சு துரை 1863இல் அமைப்பித்த கொடைக்கானல் ஏரிக்கரையிற் காற்று நாளில் நின்றவர்க்கு இவ்வுவமை நன்கு விளங்கும். இன்னொன்று: கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம் என்றால் கடல் மட்டத்தினின்று அளந்தது என்பது பொருள். தரப்புள்ளிக்கோ கடல் மட்டம் இல்லை. 2,000 என்னும் எண் தனித்து நின்று ஒன்றும் உணர்த்தாது. இரு சிகரங்களுக்கிடையே உள்ள வேற்றுமையே அங்குப் பொருள்.

உலகப் பட்டியலுக்குரிய கணக்குகளைப் பேராசிரியர் பல்லாண்டு சிறு கணிப்பொறி ஒன்றின் துணையோடு தாமே போட்டு வந்தார். 1978இல் அம்முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். 1992ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர்க்குப் பின்னும் அவர் கணக்கு ஓயவில்லை. 2018இல் ஆடவர் கால்பந்து உலகத் தரவரிசையும் அவர் நெறியைத் தழுவிற்று. தமிழகத்து விசுவநாதன் ஆனந்த் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் பட்டியலில் உலக முதல்வரானார். 1986 முதல் இந்தியரில் முதலிடம் அவர்க்கே உரியதாயிருந்தது. எவருடைய பரிந்துரையுமின்றி, ஆட்டக் கணக்கு ஒன்றாலேயே, சென்னை இளைஞர் குகேஷ் 2023 செப்டம்பர்ப் பட்டியலில் அவ்விடத்தைப் பெற்றார். குகேஷ் 2758, ஆனந்த் 2754. இடைவெளி நான்கு புள்ளி.