பாஞ்சாலியின் அவையும் பாரதியார் இல்லமும்

மகாகவி பாரதியாரின் வாழ்க்கையை எழுதியோர் பெரும்பாலும் நாட்டு விடுதலையை நடுவாக வைத்தே எழுதினர். அவ்வாழ்வினூடே மற்றோர் இழையும் ஓடுகிறது. வீட்டின் சுவர்களுக்குள்ளே பெண் படும் கொடுமையைக் கண்ட ஊரார் செய்யத்தக்கது யாது என்னும் வினாவே அது. அவ்வினா முதிர்ந்தது நம் புதுவையில். ஆதலின் நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அதனை நினைவுகூர்தல் பொருத்தமுடையது.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியன், ஐந்து வயதில் தாயை இழந்தார். 1897இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது அகவை பதினைந்துகூட நிரம்பவில்லை. மணமகள் செல்லம்மாளுக்கோ ஏழு வயது. குழந்தை மணத்தைப் பின்னாளில் கடிந்தெழுதிய கவிஞர், அதன் வழியே இல்லறம் புகுந்தவர் என்பது எண்ணத்தக்கது.

1905இல் சக்கரவர்த்தினி என்னும் மாதர் இதழின் ஆசிரியரானார். காங்கிரசு மாநாட்டின் பொருட்டு வடநாடு சென்றிருந்த காலத்தில் நிவேதிதா அம்மையாரைக் கண்டார். மனைவியை ஏன் உடன் அழைத்துவரவில்லை என்று அம்மையார் வினவ, அது தம் சமூக வழக்கமன்று என்றார் கவிஞர். பாதி மக்களை அடிமைகளாக வைத்திருப்போர் விடுதலை கேட்பது எங்ஙனம் என்ற அம்மையாரின் மறுவினா அவர் நெஞ்சில் தைத்தது. அன்றுமுதல் அவரைத் தம் ஞானகுருவாகக் கொண்டார்.

1908இல் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிப் புதுவை வந்தார். பெரிய மார்க்கெட்டிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நெடுநாள் வாழ்ந்தார். இந்தியா இதழ் 1910இல் நின்றபின் வறுமை சூழ்ந்தது. ஆயினும் அவருடைய பெருங்காவியங்கள் விளைந்த காலமும் அதுவே. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது.

அக்காவியத்தைப் பாரத நாட்டின் அடிமை நிலைக்கு உருவகமாகக் காண்பது நாம் அறிந்த மரபு. உருவகத்தை ஒருபுறம் வைத்துக் கதையை மட்டும் நோக்குவோம். மனைவியைப் பணயம் வைத்தவன் கணவன். கூந்தலைப் பற்றி இழுத்தவன் கணவனின் பங்காளி. சாத்திரம் பேசி வாளாவிருந்தோர் குடும்பத்துப் பெரியோர். ஆகவே அவையில் நிகழ்ந்தது ஒரு குடும்பத்தின் உள்ளே நிகழ்ந்த வன்முறையே. பாஞ்சாலி தெருவழியே இழுத்துச் செல்லப்படும்போது வழிநின்று புலம்பிய ஊராரையும் கவிஞர் விட்டுவைக்கவில்லை. கொடியவனைத் தடுத்து அவளை மீட்காத கண்ணீர் வெறும் கோழைமை என்று சினந்தார். அடித்தவனுக்கு உரிய பழியில் வேடிக்கை பார்த்தவனுக்கும் பங்குண்டு என்பதே அவர் தீர்ப்பு.

ஏட்டில் எழுதிய தீர்ப்பு பின்னர் அவர் இல்லத்திலேயே செயலாகத் தளிர்த்தது. புதுவையில் அவர் வீட்டில் பெண்கள் கூட்டம் ஒன்று நடந்தது. 1904இல் பிறந்த மூத்த மகள் தங்கம்மாள் அதில் உரை நிகழ்த்தினார். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் கையாண்ட அறவழி எதிர்ப்பைத் தமிழ்ப் பெண்கள் தம் வீட்டிலேயே கையாள வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். சமத்துவம் மறுக்கும் கணவனுக்குச் சமைக்க மறுத்தல், அவன் அடித்து வெளியே தள்ளினும் இவ்வீடு எனக்கும் உரியது என்று நிலைத்து நிற்றல் ஆகியவை அதில் கூறப்பட்ட வழிகள். துன்பம் தனித்தனி அடுக்களைகளில் கிடந்தவரை அது விதி எனப்பட்டது. பெண்கள் கூடிப் பேசியபோது அது நீக்கத்தக்க அநீதியாயிற்று.

பெண் விடுதலை பற்றிய கட்டுரைகளில் பாரதியார் மேலும் சென்றார். விருப்பமில்லா மணத்திற்கு வற்புறுத்தலாகாது. மணந்தபின் கணவனை விட்டு நீங்கவும் பெண்ணுக்கு இடமிருத்தல் வேண்டும், அதற்காக அவளை இழிவுபடுத்தலாகாது. தந்தைவழிச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்றார். செல்ல ஓர் இடமும் வாழ ஒரு பொருளும் இல்லாமையே பெண்ணை அடிக்கும் கையினடியில் நிறுத்துகிறது என்பதை இக்கோரிக்கைகளின் வரிசையே நமக்கு உணர்த்தும்.

அவர் பாடியதெல்லாம் அவர் இல்லத்தில் நிறைவேறிற்று என்று சொல்வதற்கில்லை. வறுமையின் சுமை பெரிதும் செல்லம்மாள் தோளிலேயே விழுந்தது. அக்குறையையும் சேர்த்தே அவரைப் படிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. 1918 நவம்பரில் புதுவையை நீங்கிய கவிஞர் 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார்.

அவர் கேட்டவை சட்டமாக நெடுங்காலம் பிடித்தது. மணவிலக்கு உரிமை 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் இடம்பெற்றது. மனைவியைக் கொடுமை செய்தல் 1983இல் தனிக் குற்றமாயிற்று. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், கூடிவாழும் வீட்டில் தங்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளித்தது. தங்கம்மாள் அன்று உரைத்தது ஏறத்தாழ இதுவே. அச்சட்டத்தின்படி, வன்முறை நிகழ்வதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கு வாராது. தெருவில் நின்று புலம்பிய ஊராருக்கு இன்று செய்வதற்கு ஒரு செயல் உண்டு.

பெரிய மார்க்கெட்டில் எடையிலே ஒரு கை குறைந்தால் நான்கு கடைக்காரர்கள் கூடிக் கேட்கிறார்கள். அடுத்த வீட்டில் ஒரு பெண்ணின் அலறல் எழுந்தால் அது அவர்கள் குடும்ப விவகாரம் என்று கதவடைக்கிறோம். பாஞ்சாலிக்காகக் கண்கலங்கும் கவிஞர்களாகிய நாம், அக்கதவைத் தட்டுவோர் வரிசையில் முதலில் நிற்றல் வேண்டும். புதுவையில் பாரதியாரைப் போற்றுதற்கு அதனினும் சிறந்த வழி இல்லை.