ஹாரி வில்ஸ்: ஒப்பந்தம் இருந்தது, மேடை இல்லை

நவீன காலத்தில் விலக்கம் பெரும்பாலும் மறுப்புச் சொல் இல்லாமலேயே நடந்தேறுகிறது. உரிமை இல்லை என்று எவரும் எழுதித் தருவதில்லை. நாள் தள்ளிப்போகும், அனுமதி வராது, சட்டம் ஒழுங்கு கெடும் என்பார்கள், பணம் வந்து சேராது, குழு அமைக்கப்படும். இறுதியில், கேட்டவருக்கு வயதாகிவிடும். குத்துச்சண்டை வரலாற்றில் இதற்கு ஓர் உருவம் உண்டென்றால் அது ஹாரி வில்ஸின் வாழ்க்கை. 1920களில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தவர் வெள்ளையரான ஜாக் டெம்ப்சி. அப்பட்டத்துக்கு முதன்மைப் போட்டியாளராக ஆண்டுக்கணக்கில் நின்றவர் கறுப்பரான வில்ஸ். இருவரும் வலுவின் உச்சத்தில் இருந்த காலத்தில் அச்சண்டை நடந்திருக்க வேண்டும். அது கடைசிவரை நடக்கவேயில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியில் இருந்துகொண்டு ஆராய்வதற்கு நமக்குக் காரணம் இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து மேடைக்கு

வில்ஸ் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1889ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுகக் கூலியாக உழைத்தார். ஆறடிக்கு மேல் உயரம், சுமை தூக்கி உரமேறிய உடல், நீண்ட கைகள். குத்துச்சண்டைக்கு வந்தபின் அவருக்குக் கருஞ்சிறுத்தை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் வென்ற பட்டத்தின் பெயரே அக்காலத்தின் அமைப்பைச் சொல்லிவிடும். உலக ஹெவிவெயிட் பட்டம் ஒன்று. கறுப்பருக்கான உலக ஹெவிவெயிட் பட்டம் மற்றொன்று. தேநீர்க் கடையில் ஒருவருக்குக் கண்ணாடிக் குவளையும் இன்னொருவருக்குத் தனிக் குவளையும் வைக்கப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் ஊற்றப்படுவது ஒரே தேநீர்தான். எந்தக் குவளை யாருடையது என்பதில்தான் முழு அரசியலும் இருக்கிறது.

இரட்டைப் பட்டத்தின் விளைவு கொடியது. வெள்ளைச் சாம்பியன்கள் மோத மறுத்ததால் கறுப்பின வீரர்கள் ஒருவரோடொருவரே திரும்பத் திரும்ப மோத வேண்டியிருந்தது. வில்ஸும் சாம் லாங்ஃபோர்டும் ஏறத்தாழ இருபது முறை சண்டையிட்டார்கள். லாங்ஃபோர்டும் சாதாரணர் அல்லர். எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர்களுள் ஒருவராக இன்று எண்ணப்படுபவர். தொடக்க ஆண்டுகளில் வில்ஸை வீழ்த்தவும் செய்தவர். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு அவருக்கும் ஒருமுறைகூடக் கிட்டவில்லை. கண்பார்வை இழந்து, 1944இல் ஹார்லெமில் வறுமையில் வாழ்ந்தவரைச் செய்தியாளர் ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கும் நிலைக்கு அவர் வாழ்க்கை சென்று முடிந்தது.

நிறக்கோடு எப்படி வந்தது

இக்கோட்டை டெம்ப்சி வரையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜான் எல். சல்லிவன், கறுப்பரோடு மோதுவதில்லை என்பதை வெளிப்படையான கொள்கையாக வைத்திருந்தார். அன்றைய மாபெரும் கறுப்பின வீரரான பீட்டர் ஜாக்சன் அதனாலேயே பட்டத்துக்கான மேடையைக் காணவில்லை.

அக்கோடு ஒருமுறை உடைந்தது. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின உலக ஹெவிவெயிட் சாம்பியனானார். வெள்ளை அமெரிக்கா கொதித்தது. தோல்வி காணாமல் ஓய்வுபெற்றிருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரிஸைத் தேடிப் பிடித்து, இனத்தின் மானத்தைக் காக்க மேடையேற்றினார்கள். சாம்பியனாக இருந்த காலத்தில் ஜான்சனோடு மோத மறுத்தவர் அவர். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் அவரையும் ஜான்சன் வீழ்த்தினார். அன்றிரவே பல நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடுக்கும் சட்டம் 1912இல் வந்தது. வெள்ளைப் பெண்களோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் குற்றமாக்கி 1913இல் தண்டித்தார்கள். 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் பட்டத்தை இழந்தார். உடைந்த கோடு மீண்டும் வரையப்பட்டது, முன்பைவிட அழுத்தமாக.

இங்கே நாம் மறைக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. ஜான்சன் சாம்பியனாக இருந்தபோது லாங்ஃபோர்டுக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. 1906இல் அவரைத் தோற்கடித்திருந்த ஜான்சன், பட்டம் கைக்கு வந்தபின் மறுமோதலைத் தவிர்த்தார். வெள்ளையரோடு மோதினால்தான் பெரும்பணம் என்பது ஒரு காரணம். ஒருவர் மட்டும் மேலே ஏறுவதால் ஏணி எல்லாருக்கும் பொதுவாகிவிடுவதில்லை என்பதை அரியணையில் அமர்ந்த கறுப்பரின் வரலாறே காட்டிவிட்டது.

கையெழுத்தும் காலதாமதமும்

1919 ஜூலை 4 அன்று டொலீடோவில் வில்லார்டைச் சிதைத்து டெம்ப்சி சாம்பியனானார். அவரும் வறுமையில் பிறந்தவர். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக வேலை தேடி அலைந்தவர். பட்டம் பெற்றவுடன், கறுப்பின வீரர்களின் அறைகூவல்களை ஏற்கப்போவதில்லை என்ற அறிவிப்பு அவர் பெயரில் செய்தித்தாள்களில் வந்தது. அதே டெம்ப்சியின் பயிற்சி முகாமில் பில் டேட் என்ற கறுப்பின வீரர் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்தார். கறுப்பரின் முட்டியைப் பயிற்சியில் வாங்கிக்கொள்ளலாம். பட்ட மேடையில்தான் வாங்கக் கூடாது.

ஆயினும் வில்ஸை முற்றாகப் புறக்கணிக்க முடியவில்லை. 1922 ஜூலையில் டெம்ப்சி, வில்ஸ் இரு தரப்பும் மோதலுக்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நாளும் இடமும் மட்டும் குறிக்கப்படவில்லை. நியூயார்க் மாநில ஆணையத்தின் தலைவர் வில்லியம் மல்டூன் அம்மோதலுக்கு வழிவிடவில்லை. குத்துச்சண்டை வணிகமாகிறது என்பது உள்ளிட்ட கவலைகள் பேசப்பட்டன. ஆனால் 1923 செப்டம்பர் 14 அன்று அதே நியூயார்க்கில், அர்ஜென்டினாவின் லூயிஸ் ஃபிர்போவோடு டெம்ப்சி பெருங்கூட்டத்தின் முன் மோதினார். அன்று வணிகம் எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

1924 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் டெம்ப்சியும் வில்ஸும் மோதுவார்கள் என நுழைவுச்சீட்டுகள்கூட அச்சாயின. சண்டை நடக்கவில்லை. அதே மாதம் 11ஆம் நாள் ஜெர்சி நகரில் ஃபிர்போவைச் சந்தித்த வில்ஸ் அவரைத் தெளிவாக மிஞ்சி நின்றார். தகுதி இல்லை என்று சொல்ல இனி இடமில்லை.

1925இல் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற ஏற்பாட்டாளர் முன்வந்தார். மீண்டும் ஒப்பந்தம். வில்ஸுக்கு முன்பணமாக 50,000 டாலர் வந்தது. டெம்ப்சிக்கு உரிய முன்பணம் முழுமையாக வந்து சேரவில்லை, அவர் விலகிக்கொண்டார். 1926இல் நிலைமை விசித்திரமாகத் திரும்பியது. ஜேம்ஸ் ஃபார்லி இடம்பெற்ற நியூயார்க் ஆணையம், வில்ஸோடுதான் டெம்ப்சி முதலில் மோத வேண்டும் என்று வற்புறுத்தியது. ஹார்லெமின் கறுப்பின வாக்குகளுக்கு எடை கூடிவந்த காலம் அது. ஏற்பாட்டாளர்கள் என்ன செய்தார்கள்? வில்ஸை மேடையேற்றவில்லை, மேடையையே பிலடெல்பியாவுக்குத் தூக்கிச் சென்றார்கள். 1926 செப்டம்பர் 23 அன்று அங்கே ஏறத்தாழ 1,20,000 பேர் முன்னிலையில் டெம்ப்சி வெள்ளையரான ஜீன் டன்னியிடம் பட்டத்தை இழந்தார்.

மூன்று வாரங்களுக்குள், அக்டோபர் 12 அன்று, 37 வயது வில்ஸ் இளைஞரான ஜாக் ஷார்க்கியிடம் தோற்றார். அடுத்த ஆண்டு பவுலினோ உஸ்குடூன் அவரை வீழ்த்தினார். கதவு திறக்கும் என்று காத்திருந்தவரின் கால்கள் தளர்ந்துவிட்டன.

குற்றவாளி யார்?

டெம்ப்சி அஞ்சினாரா என்ற கேள்வியைச் சுற்றியே விளையாட்டு எழுத்தாளர்கள் பல பத்தாண்டுகள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அது தவறான கேள்வி என்பது நம் கருத்து. தான் மோதத் தயாராகவே இருந்ததாகப் பிற்காலத்தில் டெம்ப்சி கூறினார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் உண்மை மாறுவதில்லை. டெக்ஸ் ரிக்கார்டு என்ற பெரும் ஏற்பாட்டாளர்தான் 1910 ரீனோ சண்டையையும் நடத்தியவர். அதன்பின் மூண்ட வன்முறையை மறக்காதவர். இன்னொரு கறுப்பர் வென்றுவிட்டால் தன் தொழில் என்னாகும் என்று கணக்கிட்டவர். அதிகாரிகளின் கணக்கு வேறு. டெம்ப்சியின் மேலாளருடைய கணக்கு வேறு. ஒவ்வொருவரும் பொறுப்பை அடுத்தவரிடம் தள்ளினார்கள். ஒருவரும் கொலைக் கத்தியை ஏந்தவில்லை. ஆனாலும் ஒரு வாழ்க்கையின் உச்சம் கொல்லப்பட்டது.

கலவரம் வரும் என்ற வாதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1910இல் தாக்கியவர்கள் வெள்ளையர், தாக்கப்பட்டவர்கள் கறுப்பர். ஆனால் அக்கலவரத்தின் தண்டனையாக மேடை மறுக்கப்பட்டதும் கறுப்பருக்கே. வன்முறை செய்யக்கூடியவரை அடக்குவதற்குப் பதிலாக, உரிமை கேட்பவரை வீட்டிலிருக்கச் சொல்வதே சட்டம் ஒழுங்கு என்று பெயர் பெற்றது.

நம் மண்ணில்

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. சட்டம் இருந்தது, இடஒதுக்கீடு இருந்தது, தேர்தல் ஆணையமும் இருந்தது. ஆயினும் பத்தாண்டுகள் தேர்தல் நடக்காமல் போயிற்று. அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. வில்ஸின் ஒப்பந்தத்துக்கும் அந்த ஒதுக்கீட்டு அறிவிப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

நம் சமவெளிக்கே வருவோம். 2024 மே மாதத்தில் சேலம் மாவட்டம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் திருவிழாவில் வழிபடும் உரிமையைத் தலித் மக்கள் கேட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது; பின்னர் அது மோதலாகவும் தீவைப்பாகவும் முடிந்தது. இத்தகைய ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் அடுத்த ஆண்டுக்கான முன்னெச்சரிக்கை என்ற பெயரில் முதலில் தள்ளிவைக்கப்படுவது உரிமைதான்.

விளையாட்டிலும் இதன் இந்திய வடிவம் உண்டு. பல்வங்கர் பாலு தீண்டாமைக்கு ஆளான சாதியில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மன்றத்தில் மைதானப் பணியாளராக இருந்தபோது, கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்கு மணிக்கணக்கில் பந்துவீசினார். மட்டையைத் தொடும் வாய்ப்பு அவருக்கு அங்கே தரப்படவில்லை. இந்து அணிக்காக ஆடியபோதும், மற்றவர்கள் அரங்கினுள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, அவருக்கு வெளியே மண் குவளையில் தரப்பட்டது. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனால் அணித் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. போராட்டங்களுக்குப் பின் 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே கிட்டியது. பில் டேட்டின் இடமும் பாலுவின் இடமும் ஒன்றே. பயிற்சிக்கு வேண்டும், பட்டத்துக்கு வேண்டாம்.

எஞ்சியது

வில்ஸ் 1932இல் ஓய்வு பெற்றார். லாங்ஃபோர்டைப் போல வறுமையில் விழவில்லை. ஈட்டியதைச் சிக்கனமாகக் காத்து, ஹார்லெமில் வீடுகள் வாங்கி, வாடகை வருவாயில் கண்ணியமாக வாழ்ந்தார். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதம் நீரருந்தி மட்டும் நோன்பிருப்பது அவர் வழக்கம். நடக்காத சண்டைக்காகப் பெற்ற 50,000 டாலரும் அவரிடமே தங்கியது. 1958 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் காலமானார். 1992இல் பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழரங்கம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அவர் இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜான்சனுக்குப் பின் ஒரு கறுப்பர் ஹெவிவெயிட் சாம்பியனாக 22 ஆண்டுகள் பிடித்தன. 1937 ஜூன் 22 அன்று ஜோ லூயிஸ் அப்பட்டத்தை வென்றார். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. வீழ்ந்த வெள்ளையரைப் பார்த்து மகிழ்ச்சி காட்டக் கூடாது, வெள்ளைப் பெண்ணோடு படமெடுத்துக்கொள்ளக் கூடாது என்பன போன்ற நடத்தை விதிகளை அவருடைய மேலாளர்களே அவருக்கு விதித்தார்கள்.

நடந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்பது ரசிகர்களின் வாதத்துக்கு உரியது. டெம்ப்சி வென்றிருக்கவும் கூடும். அது நம் கவலை அன்று. வில்ஸ் கேட்டது வெற்றியை அல்ல, தோற்பதற்கும் உரிமையுள்ள ஒரு மேடையை. ஆகவே நம் ஊர்களில் ஓர் உரிமை அறிவிக்கப்படும்போது, ஆணையின் வாசகத்தைப் படித்து நிறைவடைந்துவிட முடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், எந்த அதிகாரியின் பொறுப்பில் அது நடக்கும், நடக்காவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இவை நான்கும் இல்லாத ஒப்பந்தங்களைத்தான் ஹாரி வில்ஸ் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகள் முழுவதும் கையில் வைத்திருந்தார்.